யூனிட்டுக்கு எவ்வளவு கொடுக்கும்?

1987, நவம்பர் 1. ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்தில் இருக்கிற டார்வின் நகரம். அங்கிருந்து தெற்கே அடிலெய்டு வரை சுமார் 3,000 கி.மீ. தூரத்துக்கு ஒரு கார் ரேஸ். வழியெல்லாம் பொட்டல். வெயில் மண்டையைப் பிளக்கும். எதிரே மூன்று டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு ராட்சச லாரிகள் பறக்கும்.

ரேஸ் என்றால் பெட்ரோல் வாசனை, காதைக் கிழிக்கும் சத்தம், புகை எல்லாம் இருக்க வேண்டுமல்லவா? இங்கே எதுவுமே கிடையாது. கலந்துகொண்ட கார்கள் அத்தனையும் சூரிய வெளிச்சத்தில் ஓடுபவை. ஒரு சொட்டு பெட்ரோல்கூடப் போடக் கூடாது. பார்க்க ஒன்று கட்டில் மாதிரி இருந்தது, இன்னொன்று பெட்டிக்கடைக் கூரை மாதிரி இருந்தது.

ஏற்பாடு செய்தவர் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப். டென்மார்க்கில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய சாகசப் பிரியர். ஐந்து வருடம் முன்னால், ஒரு சோலார் காரைச் செய்து, பெர்த்திலிருந்து சிட்னி வரைக்கும் சுமார் 4,000 கி.மீ. ஓட்டிக் காட்டியவர். இருபது நாள் ஆயிற்று. 'நான் ஓட்டிவிட்டேன், இனி நீங்கள் வாருங்கள்' என்று உலகத்துக்கே சவால் விட்டதுதான் இந்தப் போட்டி.

இந்த ரேஸில் ஓர் அழகு இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே சூரியன். காரில் எவ்வளவு அகலத்துக்கு சோலார் பேனல் வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆக, யார் வீட்டு டேங்க் பெரிது என்கிற பேச்சுக்கே இடமில்லை. கிடைக்கிற சக்தி ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். அதை யார் வீணாக்காமல் செலவழிக்கிறார்கள் என்பதுதான் போட்டி.

ஜெயித்தது எது? ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் 'சன்ரேஸர்'. கரப்பான் பூச்சியையும் நீர்த்துளியையும் கலந்து செய்த மாதிரி ஒரு வடிவம். சராசரி வேகம் மணிக்கு 67 கி.மீ. இரண்டாவதாக வந்த ஃபோர்டு ஆஸ்திரேலியாவின் காருக்கு சராசரி 45 கி.மீ.கூட இல்லை. சன்ரேஸர் அடிலெய்டு வந்து சேர்ந்து இரண்டு நாள் கழித்துத்தான் ஃபோர்டு வந்தது!

இத்தனைக்கும் சன்ரேஸரின் பேனல் உச்சி வெயிலில் கொடுத்தது சுமார் 1,500 வாட். நம் பாத்ரூம் ஹீட்டர்கூட இதைவிட அதிகம் கேட்கும். அந்த மின்சாரத்தில் ஒரு ஆளை உட்காரவைத்து 67 கி.மீ. வேகத்தில் பாலைவனத்தைத் தாண்ட முடியும் என்றால்... அப்போது உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த கார்கள் குடித்த பெட்ரோல் எல்லாம் எங்கேதான் போய்க்கொண்டிருந்தது?

இந்தக் கேள்விதான் இன்றைய எலெக்ட்ரிக் கார்களின் கதைக்குப் பிள்ளையார் சுழி.

சன்ரேஸரை வடிவமைத்த மூளைகளில் முக்கியமானவர், கார்க்காரரே இல்லை. பால் மெக்ரெடி. விமான இயல் படித்த அமெரிக்கர். எஞ்சினே இல்லாத கிளைடர் விமானம் ஓட்டுவதில் 1956-ல் உலக சாம்பியன்.

மனிதருக்கு ஒரு சமயம் கஷ்டகாலம். உறவினர் ஒருவர் தொழில் தொடங்க வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். தொழில் படுத்துவிட்டது. சுமார் ஒரு லட்சம் டாலர் கடன் இவர் தலையில். ஜாமீன் போட்டவர்கள் கதை எந்த ஊரிலும் ஒன்றுதான்!

அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது 'கிரெமர் பரிசு'. மனிதன் தன் உடல் பலத்தை மட்டும் வைத்து, எட்டுப் போடுகிற மாதிரி விமானத்தை ஓட்டிக் காட்டினால் 50 ஆயிரம் பவுண்டு. ஏறக்குறைய அவருடைய கடன் தொகை! 1959-ல் அறிவித்த பரிசு, பதினெட்டு வருடமாக யாருக்கும் சிக்காமல் கிடந்தது.

மற்றவர்கள் எல்லாம் நேர்த்தியான, வேகமான சின்ன விமானங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்ரெடி தலைகீழாக யோசித்தார். மனிதனால் தொடர்ந்து கொடுக்க முடிந்த சக்தி ஒரு குதிரைத் திறனில் மூன்றில் ஒரு பங்குதான். அதைக் கூட்ட முடியாது. அப்படியானால் தேவையைக் குறை! பெரிய இறக்கை, இறகு போன்ற எடை, ஆமை வேகம். அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் தாள், கம்பி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார். இறக்கை 29 மீட்டர் நீளம், எடை 30 கிலோ சொச்சம். சைக்கிள் பெடல் மிதிக்க ஓர் ஆள். 1977-ல் பரிசு அவருக்கு. இரண்டு வருடம் கழித்து அதே ரகத்தில் இன்னொரு விமானம், பெடல் மிதித்தே இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டியது.

இந்த ஆளைத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் பிடித்தது. மெக்ரெடி காருக்குள்ளும் அதே கணக்கைக் கொண்டுவந்தார். சக்தியைக் கூட்டாதே, தேவையைக் குறை.

ஒரு கார் ஓடும்போது சக்தி எங்கெல்லாம் போகிறது? முதல் எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால், காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே, காற்று வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி உடம்பு வேண்டும். எவ்வளவு வழுக்கும் என்பதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள். குறைந்தால் நல்லது. அந்தக் காலத்து சாதாரண கார்களுக்கு அது 0.35, 0.4 என்று இருக்கும். சன்ரேஸருக்கு 0.125.

இரண்டாவது எதிரி, டயர். தரையில் படும் இடத்தில் டயர் நசுங்கி நசுங்கி நிமிர்கிறதே, அதில் கொஞ்சம் சக்தி சூடாகப் போய்விடும். கார் எவ்வளவு கனமோ அவ்வளவு நசுங்கல். டிரைவரையும் சேர்த்து சன்ரேஸரின் எடை 300 கிலோவைத் தொடவில்லை. மூன்றாவது, மோட்டாரிலும் மின்சாரத்தைக் கையாளும் கருவிகளிலும் ஏற்படும் இழப்பு. நான்காவது, பிரேக். ஓடுகிற வேகத்தை அப்படியே உரசிச் சூடாக்கித் தூர எறிகிறோம். எலெக்ட்ரிக் காரில் அதே மோட்டாரை டைனமோ மாதிரி சுழலவிட்டு, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்ப பேட்டரிக்கே அனுப்பலாம்.

ஜெனரல் மோட்டார்ஸிடம் பணமும் இருந்தது. விலையுயர்ந்த சோலார் செல், வெள்ளி-துத்தநாக பேட்டரி எல்லாம் போட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், வெறும் பணத்தால் இரண்டு நாள் முன்னால் வந்துவிட முடியாது.

சரி, ஒற்றை ஆள் படுத்துக்கொண்டு ஓட்டுகிற காரை வைத்து என்ன செய்வது? ஊரில் ஓட்டுகிற மாதிரி ஒன்று செய்யலாமே? 1988-ல் மெக்ரெடியின் ஏரோவைரன்மென்ட் கம்பெனியிடமே ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வேலையைக் கொடுத்தது. ஆலன் கொக்கோனி என்ற எலெக்ட்ரானிக்ஸ் நிபுணர், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் 'இன்வெர்ட்டர்' கருவியை இதற்காகவே உருவாக்கினார். 1990 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் கார் கண்காட்சியில், கம்பெனித் தலைவர் ரோஜர் ஸ்மித் துணியை விலக்கினார். காரின் பெயர் 'இம்பாக்ட்'. மோதல் என்றும் அர்த்தம் வருகிற பெயரை யாராவது காருக்கு வைப்பார்களா என்று பலர் சிரித்தார்கள். ஆனால், எட்டே நொடியில் அது 100 கி.மீ. வேகத்தை நெருங்கியதும் சிரிப்பு நின்றது.

இதைப் பார்த்த கலிஃபோர்னியா மாகாணம், அதே 1990-ல் ஒரு சட்டம் போட்டது. 1998 முதல், பெரிய கம்பெனிகள் அங்கே விற்கும் கார்களில் 2 சதவிகிதம் புகையே விடாத காராக இருக்க வேண்டும். 2003-ல் 10 சதவிகிதம். தன் கையாலேயே தனக்கு ஆப்பு வைத்துக்கொண்டதாக ஜெனரல் மோட்டார்ஸ் நினைத்திருக்க வேண்டும்!

1996 டிசம்பரில் இம்பாக்ட், 'ஈவி-1' என்ற பெயரில் ரோட்டுக்கு வந்தது. விலைக்கு இல்லை, மாத வாடகைக்கு மட்டும்.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற 'யூனிட்' நமக்குத் தெரியும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் சக்தியை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 9 யூனிட். ஈவி-1 காரின் பேட்டரி முழுசாக சார்ஜ் ஆனால் எத்தனை யூனிட் தெரியுமா? பதினாறரை. அதாவது, இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு!

அந்த பெட்ரோலை எடை போட்டால் ஒன்றரை கிலோ தேறாது. அதே சக்தியை வைத்துக்கொள்ள ஈவி-1 சுமந்த லெட்-ஆசிட் பேட்டரிகளின் எடை சுமார் 530 கிலோ. காரின் மொத்த எடையே 1,400 கிலோதான்.

யோசித்துப் பாருங்கள். 'உனக்கு இரண்டு லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான சக்திதான். அதை வைத்து இரண்டு பேரை 100 கி.மீ.க்கு மேல் கூட்டிக்கொண்டு போ, ஏ.சி.யும் போடு' என்றால் ஒரு எஞ்சினீயர் என்ன செய்வார்? மாதக் கடைசியில் நடுத்தரக் குடும்பத்து அம்மா செய்வதைத்தான் செய்வார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பார்.

அப்படித்தான் செய்தார்கள். வழுக்கும் எண் 0.19. விற்பனைக் கூடத்துக்கு வந்த கார்களில் அதுவரை யாரும் தொடாத அளவு. பின்பக்கம் நீர்த்துளி மாதிரி ஒடுங்க வேண்டும் என்பதற்காகப் பின் சக்கரங்களை முன் சக்கரங்களைவிட நெருக்கி வைத்தார்கள். பின் சக்கரங்களைப் பாவாடை கட்டினாற்போல மூடினார்கள். அலுமினியச் சட்டம். சீட்டுக்கு மெக்னீசியம். குளிர்காலத்தில் கம்பியைச் சூடாக்கி மின்சாரத்தைத் தீர்க்காமல், ஏ.சி.யைத் திருப்பிப் போட்ட மாதிரி வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்துவரும் கருவி. இன்றைக்கு எலெக்ட்ரிக் கார் விளம்பரங்களில் புதுமை என்று பட்டியல் போடுகிறார்களே, பாதி அந்தக் காரிலேயே இருந்தது. எல்லாம் இல்லாமையில் பிறந்த புத்தி.

இந்தக் கதையின் ஒரு கிளை நம் பக்கத்திலும் இருக்கிறது. சன்ரேஸர் ஜெயித்த உற்சாகத்தில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 1990-ல் ஒரு சோலார் கார் ரேஸ் நடத்தியது ஜெனரல் மோட்டார்ஸ். ஜெயித்தது மிச்சிகன் பல்கலைக்கழகம். அதே வருடம் ஆஸ்திரேலியா போய் அங்கேயும் மூன்றாவது இடம். அந்த அணியில் இருந்த இந்திய மாணவர் சேத்தன் மைனி. பிற்பாடு பெங்களூரில் 2001-ல் 'ரேவா' என்ற குட்டி எலெக்ட்ரிக் காரைக் கொண்டுவந்தவர் அவர்தான். லெட்-ஆசிட் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ. 'பொம்மைக் கார்' என்று நம்மவர்கள் கிண்டலடித்தார்கள். லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் அதே கார் ஓடியது.

ஈவி-1 என்ன ஆயிற்று? சோகம்தான். ஆயிரத்துச் சொச்சம் கார்கள்தான் செய்தார்கள். கட்டுபடியாகவில்லை என்றது கம்பெனி. கலிஃபோர்னியாவும் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டே போனது. 2003 வாக்கில் வாடகைக் காலம் முடிந்த கார்களை எல்லாம் திரும்ப வாங்க ஆரம்பித்தார்கள். 'விலைக்குக் கொடுங்கள், காசு தருகிறோம்' என்று ஓட்டியவர்கள் கெஞ்சினார்கள். கொடுக்கவில்லை. சில கார்கள் மியூசியத்துக்குப் போயின. பெரும்பாலானவை நசுக்கப்பட்டன. ஓட்டியவர்கள் ஹாலிவுட்டில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் கூடி, அந்தக் காருக்கு இறுதிச் சடங்கே நடத்தினார்கள்!

கார் செத்தது, அறிவு சாகவில்லை. கொக்கோனி தனியே வந்து ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார். 'டீ-ஸீரோ' என்ற காரைச் செய்து, 2003-ல் அதில் லேப்டாப்பில் போடுகிற லித்தியம் செல்களை ஆயிரக்கணக்கில் அடுக்கினார். ஒரே சார்ஜில் 480 கி.மீ. போயிற்று. அதைப் பார்த்து அசந்துபோனவர்கள் உருவாக்கியதுதான் டெஸ்லா. 2008-ல் அவர்களுடைய முதல் கார் ரோட்டுக்கு வந்தது. அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும்.

லித்தியம் வந்ததும் பஞ்சம் தீர்ந்தது. ஈவி-1 காரில் 530 கிலோ சுமந்த சக்தியை இன்று 100 கிலோ சொச்சத்தில் வைத்துவிடலாம். பஞ்சம் தீர்ந்த வீட்டில் என்ன நடக்கும்? அதுவேதான் நடந்தது.

2021 கடைசியில் வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கிய ஒரு எலெக்ட்ரிக் கார், ஹம்மர். எடை நான்கு டன்னுக்கு மேல். பேட்டரி 200 யூனிட்டுக்கு மேல். பேட்டரி மட்டும் சுமார் 1,300 கிலோ. கிட்டத்தட்ட ஒரு முழு ஈவி-1 காரையே பேட்டரியாகச் சுமந்துகொண்டு போகிறது! ஒரு சார்ஜுக்கு 500 கி.மீ.க்கு மேல் போகும் என்று பெருமையாகச் சொன்னார்கள். செய்தது யார்? சன்ரேஸரையும் ஈவி-1 காரையும் செய்த அதே ஜெனரல் மோட்டார்ஸ்.

எப்படி ஒப்பிடுவது? அமெரிக்க அரசாங்கம் 2010-லேயே ஒரு வழி சொன்னது. ஒரு கேலன் பெட்ரோல் 33.7 யூனிட்டுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டு, அத்தனை யூனிட்டில் கார் எத்தனை மைல் போகிறது என்று ஸ்டிக்கர் ஒட்டு. நிஸான் லீஃப் காருக்கு அப்போது 99 மைல் வந்தது. ஹம்மருக்கு 47. 2025 மாடல் லூசிட் ஏர் காரின் ஒரு ரகத்துக்கு 146. நம் கணக்கில் சொன்னால், 100 கி.மீ. போக லூசிட்டுக்கு 14 யூனிட் சொச்சம், ஹம்மருக்கு 44 யூனிட் சொச்சம். மூன்று மடங்கு வித்தியாசம். இரண்டுமே 'பசுமை வாகனம்'தான்!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எங்கிருந்து அளக்கிறோம் என்பது முக்கியம். பேட்டரியிலிருந்து அளந்தால் ஒரு எண். சுவரில் இருக்கிற பிளக்கிலிருந்து அளந்தால் வேறு எண், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போதே கொஞ்சம் வீணாகும். அமெரிக்க ஸ்டிக்கர் பிளக்கிலிருந்து அளக்கிறது. அதுதான் நியாயம், மின்சார பில் அங்கிருந்துதானே வருகிறது. எப்படி ஓட்டி அளந்தார்கள் என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் முன்பு வைத்திருந்த சோதனை, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமானது. 2017-ல் கொஞ்சம் கறாரான சோதனைக்கு மாறினார்கள். அதே கார், அதே பேட்டரி, கி.மீ. குறைந்துபோனது. ஆகவே, ஒரு சோதனையின் எண்ணை இன்னொரு சோதனையின் எண்ணோடு ஒப்பிடுவது, பழைய மார்க் ஷீட்டையும் புது மார்க் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுவது மாதிரி.

இன்னும் பின்னால் போனால் மின்நிலையம். இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்து வருகிறது. எரிக்கும் நிலக்கரியின் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக மாறும். கார் ஒரு யூனிட்டை வீணாக்கினால், எங்கோ மூன்று யூனிட் சூட்டுக்கான கரி எரிகிறது என்று அர்த்தம். பெட்ரோல் காரும் யோக்கியம் கிடையாது. அதில் போடுகிற பெட்ரோலின் சக்தியில் கால்வாசி சக்கரத்துக்குப் போனாலே பெரிய விஷயம். எலெக்ட்ரிக் கார் தன்னளவில் அதைவிடப் பல மடங்கு சிக்கனம். ஆனால், அந்த லாபத்தை எல்லாம் எடையைக் கூட்டியே கரைத்துவிட முடியும் என்பதற்கு ஹம்மர் சாட்சி.

மெக்ரெடி 2007-ல் காலமானார். அவர் பாணி அழிந்துவிடவில்லை. 2022 ஏப்ரலில் மெர்சிடிஸ் கம்பெனி 'ஈக்யூஎக்ஸ்எக்ஸ்' என்ற சோதனைக் காரை ஜெர்மனியிலிருந்து பிரான்ஸின் தெற்குக் கடற்கரை வரை, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, 1,008 கி.மீ. ஒரே சார்ஜில் ஓட்டியது. செலவு 100 கி.மீ.க்கு 8.7 யூனிட். பேட்டரி 100 யூனிட்டுக்கும் குறைவு, ஹம்மருடையதில் பாதிகூட இல்லை. வழுக்கும் எண் 0.17. விற்பனைக்கு இல்லாத கார்தான். ஆனாலும், 1987-ல் கேட்ட அதே கேள்விக்கு இன்னும் பதில் மிச்சமிருக்கிறது என்று காட்டியது.

நாம் பெட்ரோல் வண்டி வாங்கப் போனபோது என்ன கேட்டோம்? 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?' டேங்க் எத்தனை லிட்டர் என்று யாராவது முதலில் கேட்டதுண்டா? டேங்க் பெரிதாக இருந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்புகிற ஏமாளி நம்மில் கிடையாது.

எலெக்ட்ரிக் கார் ஷோரூமில் மட்டும் நாம் கேட்பது, 'ஒரு சார்ஜுக்கு எத்தனை கி.மீ. போகும்?' அது டேங்க் அளவைக் கேட்கிற கேள்வி. 500 கி.மீ. என்பார்கள், நாமும் தலையாட்டிவிடுவோம். அது சிக்கனத்தால் வந்த 500-ஆ, பேட்டரியை அடுக்கி வந்த 500-ஆ என்று கேட்பதில்லை. அடுக்கினால் அதற்கான விலையும் நம் தலையில், அதைச் சுமக்கிற மின்சாரமும் நம் தலையில்.

அடுத்த தடவை ஷோரூம் போனால் பழைய கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: 'யூனிட்டுக்கு எவ்வளவு கொடுக்கும்?' அவர் முழித்தால், கி.மீ. கணக்கை பேட்டரியின் யூனிட்டால் நீங்களே வகுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பரவாயில்லை. டயரில் காற்றைச் சரியாக வையுங்கள். நெடுஞ்சாலையில் 100-ல் போவதை 80-க்குக் குறைத்துப் பாருங்கள். 80-லிருந்து 100 என்பது வேகத்தில் கால் பங்கு கூடுதல்தான். காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

கடனை அடைக்க விமானம் கட்டப் போன மனிதர் நமக்கு விட்டுப்போன பாடம் அவ்வளவுதான். வரவைக் கூட்ட முடியாதபோது அல்ல, கூட்ட முடிகிறபோதும் செலவைப் பார்க்க வேண்டும்.